கசில்தாவின் கதவைத் தட்டாதீர்கள்

எங்கள் ஊரில் கசில்தாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். தங்கமான மனுஷி, சந்தியாகப்பருக்குச் செல்லப்பிள்ளை, வாய் திறந்து யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டாள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியைத் தங்கம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவளை உருக்கலாம், தட்டலாம், கம்பியாக இழுக்கலாம். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நான் பெத்ரா. வால்தெசேகாவில் காப்பியும் ஒயினும் விற்கிற கடை என்னுடையது. என் கடை வாசலில் நின்றால் எதிரே, சந்தியாகப்பர் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இரவு தங்கும் யாத்திரைச் சத்திரத்தின் வாசல். அந்தக் கதவை கசில்தா திறப்பதையும் சாத்துவதையும் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதனால் அவளைப் பற்றிச் சொல்ல, சத்திரத்தை நடத்துகிற சந்தியாகப்பர் சபைக்காரர்களைவிட எனக்குத்தான் உரிமை அதிகம்.

பக்கத்து ஊரிலிருந்து சத்தூரியோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். சத்தூரியோ டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுதுகொண்டிருந்தவர். பிள்ளைகள் இல்லை. ஒரு வசந்த காலத்தில் அப்போதிருந்த பங்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டு, பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் சாவியைக் கையில் கொடுத்து, "இந்தக் கோடைக்கு மட்டும் பாத்துக்கம்மா" என்றார். நடந்து வருகிறவர்கள் தெருவில் படுத்துக் கிடக்கிறார்கள், பாவமாக இருக்கிறது என்றார். சாமியார் மாற்றலாகிப் போனார், அப்புறம் செத்தும் போனார். அந்தக் கோடை மட்டும் முடியவே இல்லை.

கால்நூற்றாண்டுக்கு மேல் அவள் அங்கே செய்த வேலையைச் சொன்னால் உங்களுக்கு மூச்சு வாங்கும். காலையில் எல்லாரும் கிளம்பிப் போனதும் மெத்தை உறைகளை உருவித் துவைக்க வேண்டும். கழிப்பறை கழுவ வேண்டும். பத்து நாள் துவைக்காத காலுறை நாற்றத்தை வெளியே விரட்டச் சன்னலெல்லாம் திறந்துவைக்க வேண்டும். மதியத்துக்கு முன்பே அடுத்த கூட்டம் வந்துவிடும். அவர்கள் முதுகுப் பைகளைக் கதவோரம் வரிசையாக வைத்துவிட்டு என் கடையில் வந்து உட்காருவார்கள். முதலில் வந்த பைக்கு முதல் கட்டில். ரெண்டு மணிக்கு அவள் கதவைத் திறப்பாள். யாத்திரை அட்டையில் முத்திரை குத்துவாள், கொப்புளத்தில் ஊசி நூல் கோத்து நீர் எடுப்பாள், பெரிய பானையில் பூண்டு சூப் வைப்பாள். இரவு கதவைச் சாத்தியபிறகும் யாராவது தட்டுவார்கள். வயிற்று வலி என்பார்கள், குறட்டை தாங்கவில்லை என்பார்கள், ஒருவன் நிலா அழகாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்றுகூடத் தட்டியிருக்கிறான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் கறார். காரிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கி யாராவது கட்டில் கேட்டால், "நடந்து வந்தவங்களுக்குத்தான் முதல்ல. வண்டியில வந்தவங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கணும்" என்பாள். இந்தப் பாதையில் எல்லாச் சத்திரத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் சந்தியாகப்பர் சபைத் தலைவர் ஹொனொரினோவுக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதை ஒரு பலகையில் எழுதி, அடியில் சபையின் பெயரையும் தன் பெயரையும் போட்டு, கதவுக்கு மேலே மாட்டிவிட்டார். ஜூலைத் திருவிழாவில் "நம் சத்திரம், நம் சட்டம்" என்று பேசுவார். அந்தச் சத்திரத்தில் ஒரு தலையணை உறையைக்கூட அவர் மாற்றியதை நான் பார்த்ததில்லை.

சத்தூரியோவை அடக்கம் பண்ணிய நாளை மட்டும் என்னால் மறக்க முடியாது. காலையில் பூசை, மதியம் கல்லறை. நாங்களெல்லாம் திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்தோம். ரெண்டு மணி அடித்தது. கறுப்பு உடையோடு எழுந்துபோய் அவள் கதவைத் திறந்தாள். சபையின் ஆண்பிள்ளைகள் ஒரு டஜன் பேர் கையில் ஒயினோடு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீ உக்காரு, இன்னைக்கு நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒரு வாய் திறக்கவில்லை. அந்த வருஷத் திருவிழாவில் ஹொனொரினோ அதையே பெருமையாகச் சொன்னார். கணவரைப் புதைத்த கையோடு கதவைத் திறந்தவள் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அன்றைக்கு ஆரம்பித்த கோபம் இன்னும் ஆறவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம். கடையில் வேறு யாருமில்லை. கசில்தா மேசையருகே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தோல்களை வாயிலிருந்து எடுத்து மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக நீளமாக வரிசை கட்டிக்கொண்டே வந்தாள்.

"பெத்ரா, நான் நடக்கலாம்னு இருக்கேன்."

"எங்க, சந்தைக்கா?"

"சந்தியாகப்பர் கோயிலுக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சத்தூரியோவின் டிராக்டரை விற்றுவிட்டதாகச் சொன்னாள்.

"அந்த மனுஷன் வாழ்நாள் பூரா அதுலதான் உக்காந்திருந்தாரு. இனிமே நான் கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்."

"எங்கடி சாயப்போற? நம்ம சத்திரம் மாதிரி இரும்புக் கட்டில்லயா? மேல ஒருத்தன் குறட்டை, கீழ ஒருத்தன் குறட்டைன்னா?"

"சீ. நல்ல இடமாப் பாத்துதான் படுப்பேன்." ஒவ்வொரு தோலும் ஒரு ஊர் என்பதுபோல ஒன்றை விரலால் நகர்த்தினாள். "இந்த ஊர்ல ஆத்துப் பக்கம் ஒரு வீடு இருக்காம். சன்னலைத் திறந்தா தண்ணிச் சத்தம் கேக்குமாம். இங்க ஆட்டுக்கறி. மண்சட்டியில வச்சு வாட்டுவாங்களாம், கரண்டியாலயே பிய்ஞ்சு வருமாம். இந்த ஊரை நிக்காமத் தாண்டிடணும், மூட்டைப்பூச்சி. இங்க கால ஊறவைக்கத் தோட்டத்துல வென்னீர்த் தொட்டி."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கொப்புளத்துக்கு மருந்து போடும்போது வலி தெரியாம இருக்கப் பேச்சுக் குடுப்பேன்ல. அப்ப எங்க படுத்தாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு சொல்லுவாங்க." அவளுடைய விரல் அதற்கு முந்தின தோலுக்குத் திரும்பி வந்து நின்றது, எல்லாவற்றிலும் பெரிய தோல். "இது லெயோன். ஆத்தங்கரை மடம். இங்க ரெண்டு ராத்திரி."

"அது இப்ப பெரிய ஓட்டல்டி. மந்திரிங்க தங்குற இடம்."

"தெரியும்."

"அங்க என்ன அப்படி இருக்கு?"

"கதவு" என்றாள். "உள்ள போய்ச் சாத்திக்கிட்டா யாரும் தட்ட மாட்டாங்களாம். தட்டக் கூடாதுன்னு வெளிய மாட்டுறதுக்கு ஒரு அட்டையே குடுப்பாங்களாம். குளிக்கிற தொட்டி ஆள் நீளம் இருக்குமாம். நீ எப்ப வெளிய வரணும்னு நீயே முடிவு பண்ணிக்கலாமாம்."

இதுதான் அவள் கேட்டது. யாரும் தட்டாத ஒரு கதவு, ரெண்டு ராத்திரிக்கு. வாழ்நாளில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டு நான் கேட்ட முதல் விஷயம் இது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சும்மாவா? ஈஸ்டருக்குப் பிறகு சபைக் கூட்டம், வழக்கம்போல என் கடையில். கசில்தா நடக்கப்போகிறாள் என்று கேட்டதும் ஹொனொரினோவுக்கு முகமெல்லாம் பல். நான் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"எல்லாம் நான் பேசிட்டேன். லெயோன் வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் பங்குக்கோயில் சத்திரம்தான். லெயோன்ல கன்னியர் மடம். அங்கேருந்து கோயில் வரைக்கும் அதே மாதிரி. பத்திரிகைக்காரன் வந்து படம் எடுக்கிறான். சத்திரத்து அம்மா சத்திரம் சத்திரமா நடக்கிறாங்கன்னு தலைப்பு."

"நான் வேற இடங்க யோசிச்சு வச்சிருந்தேன், ஹொனொரினோ" என்றாள் கசில்தா.

"என்ன இடம்?"

அவள் சொன்னாள். ஆட்டுக்கறி, வென்னீர்த் தொட்டி, ஆற்றங்கரை மடம் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"ஓட்டல்லயா? நீயா?" ஹொனொரினோ குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "யாத்திரைன்னா நோவு இருக்கணும் கசில்தா. மெத்தையில புரண்டுக்கிட்டுப் போனா அது சுற்றுலா. ஜனங்க நம்ம சத்திரத்தப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நோவு வேணும்னா நீ போயேன்" என்றேன் நான். "உன் தொப்பைக்கு நல்லது."

"உன்ன யாரு கேட்டா பெத்ரா?"

"நானும் கூடப் போறேன். அதனால கேக்குறேன்." அந்த நொடிவரை எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது" என்றார் ஹொனொரினோ. "எலிப்புழுக்கை எதுக்குக் காயுதாம்?"

எல்லாரும் சிரித்தார்கள். என் கடையில் என் ஒயினைக் குடித்துக்கொண்டு. நான் கசில்தாவைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் வரைபடத்தைப் பார்த்தபடி, "சரி, சபை சொல்றபடியே" என்றாள். கையிலிருந்த கண்ணாடி டம்ளரைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. ஹொனொரினோமேல் வந்த கோபத்தைவிட அவள்மேல்தான் அதிகமாக வந்தது.

செப்டம்பரில் வழியனுப்புப் பூசை. சபை அவளுக்குப் புது நடைக்காலணி வாங்கிக் கொடுத்தது. மஞ்சள் கயிறு கோத்து, ஒவ்வொன்றிலும் சபையின் சிப்பிச் சின்னம் தைத்திருந்தது, கழுத்தில் பட்டை கட்டிய கோயில் காளை மாதிரி. எனக்கு ஒரு வாழ்த்துகூட இல்லை. ஹொனொரினோ பீடத்தருகே நின்று சத்திரத்தின் சாவியை உயர்த்திக் காட்டி, "இவங்க திரும்பி வர்ற வரைக்கும் கதவை நானே பாத்துக்கிறேன்" என்றார். மறுபடியும் கைதட்டல்.

நடந்தோம். அறுவடை முடிந்த கோதுமைத் தாள் இருபுறமும் மஞ்சளாகக் கிடக்கிறது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதெல்லாம் எங்களுக்குப் பழகிய வெயில்தான். முதல் நாள் சத்திரத்தில் வலென்சியாவிலிருந்து சேவைக்கு வந்த ஒரு நல்ல மனிதர் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். கசில்தாவைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. "ஹொனொரினோ சொன்னாரு. நம்மாளு வந்தாச்சு" என்று சமையலுக்குக் கட்டுகிற ஒரு முன்துணியை எடுத்து நீட்டினார். அவர்மேல் தப்பில்லை. அவர் நீட்டுவதற்கு முன்பே இவள் துடைப்பம் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டாள். எட்டு மணி நேரம் நடந்துவந்து இருபது பேருக்கு சூப் வைத்தாள்.

மறுநாள் சத்திரத்தில் கழிப்பறை அடைத்துக்கொண்டிருந்தது. கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குடைந்தவள் இவள்தான். அதற்கடுத்த நாள் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் காலாக மடியில் வைத்துக் கொப்புளம் பார்த்தாள். ஹொனொரினோ தேர்ந்தெடுத்த ஓய்விடங்கள் இவை. இடம் மாறியதே தவிர அவளுடைய வேலை இம்மியளவும் மாறவில்லை. சபைக்காரர்கள் ஒரு காசு செலவில்லாமல் வழியெங்கும் அவளை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ஏண்டி, உனக்கு உக்காரவே தெரியாதா?" என்று கத்தினேன்.

"உக்காந்தா இந்தக் கைய என்ன பண்றதுன்னு தெரியல பெத்ரா."

"மடியில வை. பிச்சைக்காரங்கூட அப்படித்தான் வச்சிருக்கான்."

"அவன் ஏந்திக்கிட்டுல்ல இருப்பான்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லெயோனுக்கு முந்தின நாள் அவள் நொண்ட ஆரம்பித்தாள். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே வந்தாள். லெயோன் நகரத்தின் முதல் வீடுகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சாலையோரக் கல்லில் உட்காரவைத்து நான்தான் பலவந்தமாகக் காலணியைக் கழற்றினேன். குதிகாலில் தோலே இல்லை. காலுறை ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரார் காலையெல்லாம் பார்த்தவள் தன் காலை ஒருதரம் குனிந்து பார்க்கவில்லை.

"ஊசியக் குடு" என்றேன்.

"நீயா? உனக்குத் தெரியாதுடி."

"எனக்கு ஆத்திரம் தெரியும். அது போதும். காலக் காட்டு."

நான் முரட்டுத்தனமாகத்தான் செய்தேன். நூலை அப்படி இழுக்காதே, மருந்தைத் துணியில் நனைத்து வை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அழுகிறாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அவள் காலை இதற்கு முன்பு யாரும் மடியில் வைத்துப் பார்த்ததில்லையாம். கல்லை எடுத்து யார்மேலாவது எறியவேண்டும்போல இருந்தது எனக்கு, ஆனால் சுற்றுமுற்றும் யாருமில்லை.

அங்கேயே கன்னியர் மடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். நாங்கள் ரெண்டு பேர் வரவில்லை, அந்தக் கட்டில்களை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். அந்தச் சகோதரி ரொம்ப நல்ல மாதிரி, கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்றார். அடுத்து ஆற்றங்கரை ஓட்டலைக் கூப்பிட்டேன்.

"சபைக்கு என்ன சொல்றது?" என்றாள் கசில்தா.

"சபை செத்துப்போச்சுன்னு நினைச்சுக்க."

"பொய் சொல்லலாமா பெத்ரா, யாத்திரையில?"

"அந்த மடத்த யாருக்குடி கட்டுனாங்க? உன்ன மாதிரி நடந்து நடந்து கால் ஒடிஞ்சு வந்த ஏழைங்களுக்கு. படுக்கவச்சு, கஞ்சி ஊத்தி, புண்ணுக்கு மருந்து போட. இன்னைக்கு அது மந்திரிங்க இடம்னா அதுக்கு நீ வெக்கப்படணுமா? நீதான் அதுக்குச் சொந்தக்காரி. வா."

அந்த ஓட்டலின் முன்னால் பெரிய சதுக்கம். நடுவில் ஒரு கல்சிலுவை. அதன் அடியில் வெண்கலத்தில் செய்த ஒரு யாத்திரிகர் அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறார், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு. நான் வாசல்படிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் கசில்தாவைக் காணோம். சிலையருகே குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். வரும்போது காலில் காலுறை மட்டும்தான்.

"காலணி எங்க?"

"அங்க வச்சிருக்கேன், அவர் வச்ச இடத்துல."

"எதுக்கு?"

"காலணியோட உள்ள போறதா?" நான் ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கேட்டுவிட்டதுபோலப் பார்த்தாள். "தூசி அடையும். யாரு பெருக்குறது?"

சத்திரத்து ஆளைத் தவிர வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். எந்தச் சத்திரத்திலும் காலணி வாசலோடு சரி. அந்தப் பளிங்குத் தரையில் அவள் காலுறையோடு நடந்து போனாள். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகச் சாவி கொடுத்தாள். போகட்டும், யார் திருடப் போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த மஞ்சள் கயிறும் சிப்பிச் சின்னமும் தொலைந்தாலும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

அறைக்குள் போனதும் அவள் கட்டிலில் உட்காரவில்லை, முதலில் போர்வையைத் தூக்கி மெத்தை உறையைப் பார்த்தாள். "நல்லா துவைச்சிருக்காங்க" என்றாள். அப்புறம் அந்தக் குளியல் தொட்டி. அவள் கேள்விப்பட்டது நிஜம்தான், ஆள் நீளம் இருந்தது. வென்னீர் திறந்துவிட்டு, கதவுக் கைப்பிடியில் மாட்டும் அட்டையை எடுத்து வெளியே மாட்டினேன். அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று அவள் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்குள் இறங்கியதும் அவள் விட்ட பெருமூச்சு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவைத் தட்டினார்கள்.

என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறேன். அந்தத் தட்டல் கேட்டபோது வந்தது வேறு ஜாதி. கதவைத் திறந்தேன். வரவேற்பில் பார்த்த அதே பெண், முகம் சிவந்து நின்றாள்.

"மன்னிக்கணும்மா. தட்டக் கூடாதுன்னு தெரியும். கீழ ஒருத்தர் ரொம்ப அவசரம்கிறாரு, உசிர் போற விஷயம்னு சத்தம் போடுறாரு. வெளிய இருக்கிற காலணிய அடையாளம் தெரியும்னு சொல்றாரு."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "யாரு பெத்ரா?" என்ற குரல், அவளுடைய சத்திரத்துக் குரல். எத்தனை இரவுகள் அந்தக் குரலைத் தெருவின் எதிர்ப்பக்கமிருந்து கேட்டிருக்கிறேன்.

"யாருமில்ல. நீ படு."

"யாரோ தட்டினாங்களே."

நான் தடுப்பதற்குள், ஓட்டலின் வெள்ளை அங்கியைச் சுற்றிக்கொண்டு, ஈரக்காலோடு அவள் படியிறங்கிப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கூடத்தில் ஹொனொரினோ நின்றுகொண்டிருந்தார், கையில் மஞ்சள் கயிறு கட்டிய காலணி. கன்னியர் மடத்துக்குப் போயிருக்கிறார், நாங்கள் இல்லை. ஊருக்குள் காரில் சுற்றிவரும்போது சிலையின் காலடியில் தன் சபையின் சின்னத்தைப் பார்த்திருக்கிறார்.

"இது என்ன கோலம் கசில்தா?"

"குளிச்சிக்கிட்டிருந்தேன். என்ன ஆச்சு? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான். முதுகு புடிச்சிக்கிச்சு. என்ன கூட்டம், என்ன கூட்டம். ஒருத்தன் தலகாணி கேக்குறான், ஒருத்தி பாலில்லாத சாப்பாடு கேக்குறா. சூப்பு அடிபுடிச்சிப்போச்சு. உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். ஒரு மணி நேரம் கார்ல. கூட்டம் குறைஞ்சதும் திரும்ப வந்து நடந்துக்க. பாதை எங்கயும் ஓடிடாது."

"உசிர் போற விஷயம்னு சொன்ன?" என்றேன் நான். "எலிப்புழுக்கை கேக்குது, பதில் சொல்லு."

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. கசில்தாதான் கேட்டாள்.

"இப்ப அங்க யாரு பாத்துக்கிறாங்க?"

"யாரு இருக்கா? யாருமில்ல."

"சாவி?"

ஹொனொரினோ சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து வெளியே எடுத்தார். அதே பழைய இரும்புச் சாவி, அவள் கோத்து வைத்த சிவப்பு நூலோடு.

"பூட்டிட்டா வந்தீங்க?"

"பின்ன? தெறந்து போட்டுட்டா வர முடியும்?"

"வாசல்ல பை இருந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். "அஞ்சாறு இருந்துச்சு" என்றார்.

கசில்தாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்த்திராத ஒன்று. அவர் சாவியை நீட்டினார். அவளுடைய வலது கை எழுந்தது. பாவி மகளே, வாங்காதே என்று மனசுக்குள் அலறினேன். அந்தக் கையைக் கடித்துவைக்கக்கூடத் தயாராக இருந்தேன். கை பாதி தூரம் போனது. அப்புறம் அது இடுப்புக்கு வந்து அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டியது.

"ஹொனொரினோ, வாசல்ல இருக்கிறவங்க எப்படி வந்தாங்க?"

"நடந்துதான்."

"நான் எப்படி வந்தேன்?"

"இது என்ன கேள்வி? நடந்துதான்."

"நீங்க?"

சன்னலுக்கு வெளியே அவருடைய கார் சிலுவைக்குப் பக்கத்தில் கோணலாக நின்றிருந்தது.

"நடந்து வந்தவங்களுக்குத்தான் முதல்ல" என்றாள் கசில்தா. சத்தமே போடவில்லை, வாசலில் தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "வண்டியில வந்தவங்க காத்திருக்கணும். பலகை நீங்க வச்சதுதானே. உங்க பேரு அடியில இருக்கு. போய் அவங்களுக்குக் கதவத் திறந்துவிடுங்க. அவங்க உக்காரட்டும். எனக்கு இங்க ரெண்டு ராத்திரி இருக்கு."

"கசில்தா, சபை என்ன சொல்லும்? நீ இப்படிப் பேசுற ஆளே இல்லையே."

"எம் புருஷனப் புதைச்ச அன்னிக்கு ரெண்டு மணிக்கு நான் கதவத் திறந்தேன்" என்றாள். "நீங்க சன்னல்கிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க. நானும் உங்களப் பாத்தேன்."

அவளும் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமும் நான் மட்டும்தான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஹொனொரினோ காலணியைத் தரையில் வைத்தார்.

"அத எடுத்த இடத்துலயே வைங்க" என்றாள் கசில்தா. "இங்க தூசி அடையும்."

அவர் குனிந்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். படியில் நின்று, என்னைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார். "சூப்புக்கு என்ன போடணும்?"

"பூண்டு, காஞ்ச ரொட்டி, மிளகாத்தூள், தண்ணி. அதுக்கு மேல மூளை வேணும்னா வழியில எங்கயாச்சும் வாங்கிக்க."

"உப்பக் கடைசியில போடுங்க" என்றாள் கசில்தா உள்ளேயிருந்து. அவளால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அவள் மறுபடியும் தொட்டிக்குள் போனாள். வென்னீர் ஆறிப்போயிருந்தது. முழுவதையும் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன். கதவில் அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்ததை இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன், பிறகு நாற்காலியைக் கதவோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதற்கப்புறம் யாரும் தட்டவில்லை. ரெண்டு ராத்திரியும் தட்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் விழித்துப் பார்த்தால் அவள் படுக்கை விரிப்பை உருவி மடித்துவைத்துவிட்டு, என்னுடையதையும் இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு சண்டை போட்டேன். மதியம்வரை வேண்டுமென்றே அவளைக் கிளம்ப விடவில்லை. சிலையின் காலடியில் காலணி அப்படியே இருந்தது, யாரோ கயிற்றை ஒழுங்காகச் சுற்றி உள்ளே வைத்திருந்தார்கள். உட்கார்ந்து போட்டுக்கொண்டாள். அடுத்த விதைத்தோல் எது என்று கேட்டேன். வென்னீர்த் தொட்டி உள்ள தோட்டம் என்றாள்.

பாலத்தைத் தாண்டி மேற்கே நடந்தோம். அவள் மூன்று தடவை எங்கள் ஊர்ப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.